பச்சை வெளிச்சமும் மாப்பிள்ளையின் மரியாதையும்

கோயம்புத்தூருக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. சண்டை போடப் போனேன். என் தங்கை சரசுவின் கணவர் பழனிசாமிக்கு மலக்குடலின் மேல்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்ததும், "ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று போனில் சொன்னேன். "எதுக்குங்ணா? எங்கூர்ல இல்லாத டாக்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மலேசியாவில் என்னோடு பிறந்து வளர்ந்தவள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின் அவள் பேச்சில் ஈப்போவைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. எனக்குக் கோபம் வந்தது. பெட்டியைக் கட்டினேன்.

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நண்பருக்கு இதே நோய், இதே அறுவை. கட்டியை நன்றாகத்தான் எடுத்தார்கள். ஆனால் வெட்டிச் சேர்த்த இடம் பிரிந்து உள்ளே ஒழுகிவிட்டது. மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். வயிற்றில் பை மாட்டினார்கள். ஆள் பாதியாகிப் போனார். டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் அவர் மனைவி தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம், "என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்பார். எனக்குப் பாதி புரியும். மீதியை நானே இட்டுக்கட்டிச் சொல்வேன்.

வந்து இறங்கிய அன்றே அசடு வழிந்தேன். விமான நிலையத்துக்குக் கார் அனுப்புகிறேன் என்று சரசு சொன்னதை வேண்டாம் என்றேன். உக்கடத்தில் பஸ் ஏறினேன். ஜன்னல் காற்று, பயணக் களைப்பு, தூங்கிவிட்டேன். "ஏனுங்ணா, எந்திரிங்ணா, கடைசி ஸ்டாப்பு வந்துருச்சுங்க" என்று கண்டக்டர் தோளைத் தொட்டபோது பஸ் உடுமலைப்பேட்டையில் நின்றுகொண்டிருந்தது. பொள்ளாச்சி போய், என் தங்கை ஊர் போய், எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. எங்கள் ஊரில் என்றால் கண்டக்டர் திட்டியிருப்பார். இவரோ தன்மேல் தப்பு என்பதுபோல், "நான் எழுப்பியிருக்கோணும், மறந்துபோட்டேனுங்க" என்று வருந்தினார்.

அங்கே நின்ற ஒரு தேங்காய் வியாபாரி எங்கள் பேச்சைக் கேட்டு, "நம்ம வண்டி அந்தப் பக்கந்தானுங்க போகுது, ஏறிக்குங்க" என்றார். டெம்போவில் டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். வழியெல்லாம் விசாரணை. மலேசியாவில் தேங்காய் என்ன விலை, எத்தனை பிள்ளைகள், சர்க்கரை உண்டா, எதற்காக வந்தேன். சொன்னேன். "அட, நம்ம பழனிசாமியண்ணனுக்கா? ஒண்ணும் ஆகாதுங்க. அவுரு மாதிரி மனுசனுக்கு ஆனா நாயமா?" என்றார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, பின்னாலிருந்து இளநீர்க் குலை ஒன்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை.

மாப்பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க மச்சான்" என்றார். அறுபதைத் தாண்டிய மனிதர், நோயாளி வேறு. "உட்காருங்க மாப்பிள்ளை" என்றேன். "பரவால்லீங்க" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை தூணருகில் நின்றுகொண்டிருந்தார். அரிசிம்பருப்புச் சாதம், நெய், கத்தரிக்காய்ப் பொரியல். பருப்பும் அரிசியும் ஒன்றாக வெந்த அந்தச் சோற்றுக்கு தேங்காய்ப்பாலில் வேகும் எங்கள் ஊர் நாசி லெமாக் சோற்றை ஈடாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சரசு முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

சண்டையை அன்றைக்கே தொடங்கினேன். "இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, என்னோடு வந்துவிடுங்கள்" என்றேன். மாப்பிள்ளை, "நீங்க சொன்னாச் சரிங்க மச்சான்" என்றார். எனக்குப் பெருமை. சரசு தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, அவரு யாரு என்ன சொன்னாலும் சரீம்பாரு. போன வாரம் ஒருத்தரு நாட்டு வைத்தியம் பாக்கச் சொன்னாரு, அதுக்குஞ் சரின்னாரு. நாளைக்கு டாக்டரம்மாவப் பாத்துப்போட்டுப் பேசு" என்றாள்.

மறுநாள் பார்த்தேன். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிய குடும்பத்துப் பெண். நாற்பதை ஒட்டிய வயது. நான் ஈப்போக்காரன் என்பதைக் காட்டிக்கொள்ள, வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த ஆங்கிலத்தில் மூன்று கேள்விகளை அடுக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, தமிழில் பதில் சொன்னார்.

"இதுல பாருங்கப்பா, கட்டி இருக்கற துண்ட எடுத்துப்போட்டு ரெண்டு முனையையும் சேக்கோணும். சேக்கற எடத்துக்கு ரத்தம் நல்லா வந்தாத்தான் ஆறும். வரலீன்னா பிரிஞ்சுக்கும். வெறுங்கண்ணுக்கு எல்லாமே செவப்பாத்தான் தெரியும், ஏமாத்திப்போடும். அதனால ரத்தத்துல ஒரு பச்ச மருந்த ஏத்திப்போட்டு, அதுக்குன்னு இருக்கற கேமராவுல பாப்போமுங்க. ரத்தம் போற எடமெல்லாம் பச்சையா ஒளிரும். போகாத எடம் இருட்டாயிரும். வெளிச்சம் இருக்கற எடமாப் பாத்து வெட்டிச் சேப்பேன்."

"பை?" என்றாள் சரசு. எங்கள் எல்லோர் தொண்டையிலும் நின்ற கேள்வி அதுதான்.

"பச்ச நல்லா தெரிஞ்சா வேண்டீதில்லீங்க. சந்தேகமா இருந்தா கொஞ்ச நாளைக்கு வெக்க வேண்டி வரும். இந்தக் கேமரா இருந்தா ஒழுகவே ஒழுகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பயம் கொறையும், அவ்வளவுதானுங்க."

நண்பரின் மனைவி நினைவுக்கு வந்தார். இப்படி ஒருவர் அவருக்கு அவருடைய மொழியில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சண்டை அத்தோடு முடிந்தது. தோற்றது நான்தான், ஆனால் வலிக்கவில்லை. "என்னண்ணா, டிக்கெட் போடட்டுமா?" என்று சரசு கேட்டாள். குசும்புக்காரி.

ஆஸ்பத்திரி அறையில் இரண்டு கட்டில். அடுத்த கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்கு வந்திருந்த நாயுடு ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. மில் வைத்து நடத்திய குடும்பம். எங்களோடு தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. நான் சிறுவயதில் வளர்ந்த மலேசியத் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கர்கள், ஆகையால் எனக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் என் சட்டையின் நிறத்தைப் பற்றித் தன் கணவரிடம் சொன்னதைக் கேட்கும் பாக்கியம் கிடைத்திருக்காது.

அன்று மாலை வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு மாப்பிள்ளை கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஒறம்பரை வந்து இறங்கியது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், தோப்புக்குப் பக்கத்துத் தோப்புக்காரர்கள். ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம். மனிதர் வயிறு பிடுங்கித் தவிக்கிறார், ஆனால் வந்த ஒவ்வொருவரிடமும், "வாங்க, வாங்க, சாப்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். யாரையும் உட்காரவைத்துவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை. கடைசியில் மருமகள் கவிதா, "மாமாவுக்குக் குளுக்கோஸ் மாத்தோணுமுங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரை மீட்டாள். கெட்டிக்காரி.

அறுவை அன்று காலையில் அவரை உள்ளே கொண்டுபோனதும் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. காண்டீனில் காபி குடித்தேன். பித்தளை டம்ளர், திக்கான பால், நுரை. சிறுவாணித் தண்ணீரில் போட்ட காபியாக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் தாமாகவே சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ருசி இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சரசு காபியைத் தொடவேயில்லை. "அண்ணா, பை வெச்சாக்கூடப் பரவால்ல. ஒழுகாம இருந்தாப் போதும், உசுரோட வந்தாப் போதும்" என்றாள். என் தங்கையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நண்பரின் கதையை அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தவன் நான்தான்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. வெட்டியெடுத்ததை ஒரு தட்டில் வைத்துச் சொந்தக்காரர்களிடம் காட்டுகிறார்கள். சரசு குனிந்து நன்றாகப் பார்த்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் நாற்காலியை நகர்த்தி வைத்து, "அங்கிள், உட்காருங்கோ" என்று பாலக்காட்டுத் தமிழில் சொன்னாள். எருமை கன்று ஈனுவதைக்கூட நின்று பார்த்தவள் என் தங்கை, எனக்குச் சிரிஞ்சைக் கண்டாலே ஆகாது.

"கட்டி முழுசா வந்துருச்சுங்க. இனி இதப் பாருங்க" என்று டாக்டரம்மாள் திரையைக் காட்டினார். உள்ளே எடுத்த படம். முதலில் எல்லாம் சாம்பல் நிறம். அப்புறம் ஒரு மூலையில் பச்சை துளிர்த்தது. குடலின் ஓரமாக ஊர்ந்தது, பரவியது, திரை முழுக்கப் பச்சைப்பசேல் என்று ஆனது. ஆனால் நுனிப் பக்கம் மட்டும் அந்தப் பச்சை வராமல் இருட்டாகவே நின்றது.

"சொட்டுநீர் விட்டா கடைசி மரத்துக்கு எட்டாதுங்களே, அது மாதிரி இருக்குதுங்க" என்றாள் சரசு.

"அதேதானுங்கக்கா! மொதல்ல நான் அந்த எடத்துலதான் வெட்டலாம்னு குறி வெச்சிருந்தேன். கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. பச்ச எட்டலீன்னதும் இன்னும் மேல தள்ளி வெட்டிச் சேத்தேன். சேத்த பொறவு இன்னொருக்கா மருந்து விட்டுப் பாத்தோம். ரெண்டு பக்கமும் ஒளி நல்லா இருந்துது. பை வெக்கலீங்க."

சரசு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு விம்மியது. உடம்புக்குள் இருட்டில் ஓடும் ரத்தத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள், அதைத் தென்னந்தோப்புக்காரிக்குப் புரிகிற பேச்சில் விளக்குகிறாள் தறிக்காரர் வீட்டுப் பெண்! வெளியே வந்து ஈப்போவில் இருக்கும் என் மனைவிக்குப் போன் செய்து, ஏதோ அந்தக் கேமராவை நானே கண்டுபிடித்ததுபோல் பீற்றிக்கொண்டேன்.

"இன்னும் சில நாள் பாக்கோணுங்க" என்று டாக்டரம்மாள் அப்போதே சொல்லியிருந்தார். சேர்த்த இடம் பிரிவதாக இருந்தால் அடுத்து வரும் நாட்களில்தான் தெரியுமாம். குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு முதல் அடையாளம், காற்று பிரிவது. ஆகவே மறுநாள் காலையிலிருந்து, இளம் டாக்டர்களும் நர்சுகளும் புடைசூழ வந்து, அந்த அம்மாள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்கப்பா, காத்து பிரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்கம்மா" என்பார் மாப்பிள்ளை, போர்வையைப் பார்த்துக்கொண்டு.

அதற்கடுத்த நாளும் இல்லீங்கம்மா. அதற்கும் அடுத்த நாளும். கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தரவில்லை. நான் வெளியே போய்த் தள்ளுவண்டியில் காளான் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். முட்டைக்கோஸும் காளானும் மசாலாவில் புரட்டி, மேலே வெங்காயம் தூவித் தருகிற அந்தக் கோயம்புத்தூர்ச் சரக்கு எங்கள் ஊருக்கு வந்தால் வரிசையில் நின்று வாங்குவார்கள். பட்டினி கிடக்கிறவர் பக்கத்தில் மசாலா வாசனையோடு வந்து உட்கார்ந்தது எனக்கே உறுத்தியது.

அன்று டாக்டரம்மாள் முகம் மாறியது. "வயிறு உப்புசமா இருக்குதுங்களாப்பா?" என்றார். "லேசா இருக்குதுங்க" என்றார் மாப்பிள்ளை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. நாடியும் கொஞ்சம் வேகம். எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "பயப்பட வேண்டாமுங்க. ஆனா அசட்டையாவும் இருக்க முடியாது. ரத்தம் எடுக்கச் சொல்லீருக்கேன். ஸ்கேன் ஒண்ணு பாத்தரலாம். ஒழுகறாப்பல இருந்தா மறுபடி உள்ள போகோணும், பையும் வெக்கோணும்" என்றார்.

சரசு சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அத்தனை பச்சையாத் தெரிஞ்சுதேண்ணா" என்றாள். எதைப் பார்த்துப் பூரித்தேனோ அதன்மேலேயே கோபம் வந்தது. பெரிய வெளிச்சம்! அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று அறைக்குள் போனேன். மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். அடுத்த கட்டிலருகே நாயுடு அம்மாள் ஆரஞ்சு உரித்தபடி கணவரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கவுண்டருக்கு என்னவோ ஸ்கேனாமே? நேற்றிலிருந்து நாலு பேர் வெளியே போனால் போதும், இவர் பம்ப்செட் மாதிரி விட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர் வந்தால் மட்டும் இல்லை இல்லை என்கிறார். ஏன் அப்படி?"

"நமக்கெதற்கு? பெரிய மனுஷர். சொன்னால் அவருக்கு வெட்கமாக இருக்கும்" என்றார் நாயுடு.

நான் செம்பை நங்கென்று வைத்தேன். "மாப்பிள்ளை! உண்மையைச் சொல்லுங்க. காற்று பிரிகிறதா இல்லையா?"

கண்ணைத் திறந்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆனது. "மச்சான்... நீங்க முன்னால நிக்கறீங்க. மருமக நிக்கறா. அத்தன பொம்பளப் புள்ளைக நிக்குதுக. அதப்போயி எப்படிங்க வாய்விட்டுச் சொல்றது? நாங்க அப்படி வளரலீங்க."

"உப்புசம் இருக்கிறது என்றீர்களே?"

"அத்தன படிச்ச அம்மா, இருக்கும்னு நெனச்சுத்தானுங்க கேக்கறாங்க. இல்லேன்னு எடுத்தெறிஞ்சு சொன்னா மரியாதைங்களா? அதுவுமில்லாம..." குரல் தாழ்ந்தது. "அவிய நிக்கறப்பவெல்லாம் அடக்கீட்டு இருந்தேனுங்க."

அடப்பாவி மனுஷா! மரியாதைக்காக உயிரை விடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன், இப்போதுதான் நேரில் பார்த்தேன். மச்சான் என்கிற முறையை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, வகுப்புப் பையனைத் திட்டுவதுபோலத் திட்டினேன். "உங்க மரியாதையில் இடி விழ! வெளியே என் தங்கை உயிரோடு செத்துக்கொண்டிருக்கிறாள்!" என்றேன். அவர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்க" என்று படுக்கவைத்துவிட்டு, நாயுடு அம்மாளிடம் திரும்பி, சுத்தமான தெலுங்கில், "நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் தாயே" என்றேன். அந்த அம்மாள் கையிலிருந்த ஆரஞ்சு உருண்டு ஓடியது. என் சட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மாள் ஓடி வந்தார். நடந்ததை நான் சொல்லக் கேட்டார். முதலில் இடுப்பில் கைவைத்து முறைத்தார், அப்புறம் திரும்பி நின்று சிரித்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி வயிற்றை அமுக்கிப் பார்த்தாராம், பஞ்சு மாதிரி இருந்ததாம். நாடியும் இறங்கிவிட்டது. அதற்குள் வந்த ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக இருந்தது. ஸ்கேன் வேண்டாம் என்றார். "ஆனா நாளைக்கு வருவேன். எல்லாரும் இருக்கறப்பவே கேப்பேன். நெசத்தச் சொல்லோணுங்கப்பா. நான் வெளிச்சம் போட்டு உள்ள பாத்தேன், இனி நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அன்று மாலை இட்லி கிடைத்தது. மாப்பிள்ளை அதைத் தின்ற வேகத்தைப் பார்த்துச் சரசு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை பரிவாரம் வந்தது. கவிதா நாசூக்காகக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"நில்லு கண்ணு. எங்கயும் போகாத" என்றார் மாப்பிள்ளை.

தலையணையைச் சரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரம்மாள் கேட்டார். "பிரிஞ்சுதுங்கம்மா!" என்றார், தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில். "வெடியால எந்திரிச்சதும் பிரிஞ்சுது. காப்பி குடிச்ச பொறவும் பிரிஞ்சுது. இப்பக்கூட வருதுங்க, மன்னிச்சுக்கோணும்." மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் வந்தேவிட்டது. டிராக்டர் கிளம்பியதுபோல ஒரு சத்தம்.

"சேத்த எடம் கெட்டியாப் புடிச்சிருச்சுங்க" என்றார் டாக்டரம்மாள். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

வாத்தியாராக இருந்த காலமெல்லாம், வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டால் பையனைக் காதைப் பிடித்து வெளியே நிறுத்தியவன் நான். அன்று எழுந்து நின்று கை தட்டினேன்.